போட்டிக் கைத்துப்பாக்கி: காலிபரை முடிவு செய்வது எது, ரெட் டாட் எதை மாற்றியது?

பிராக்டிகல் ஷூட்டிங் பக்கம் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "9 எம்எம் வாங்கலாமா, .40 வாங்கலாமா?" என்றுதான். முதல் கேள்வி காலிபர் பற்றியது, அதாவது தோட்டாவின் பருமன் (.40 என்பது அங்குலக் கணக்கு). அடுத்ததாக, "எந்த ரெட் டாட் நல்லது?" என்று கேட்பார்கள். ரெட் டாட் என்பது சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் கருவி. இவை வேறு வேறு கேள்விகள் என்று நினைத்தே கேட்கிறார்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்த விளையாட்டு போன போக்கைப் பார்த்தால் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் பதில் சொல்ல முடியாது. சிறிய தோட்டா இன்று போட்டித் திடலை ஆள்கிறது என்றால் அதற்குப் பெரிய காரணம் துப்பாக்கியின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிவப்புப் புள்ளி. எப்படி என்று புரிந்தால் எதை வாங்குவது என்பது பாதி தெளிந்துவிடும்.

ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதல் நமக்குப் பழக்கம். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் பிஸ்டலில் வீரர் ஒரே இடத்தில் நின்று, ஒரு கையால், .22 தோட்டாவைச் சுடுவார். பிராக்டிகல் ஷூட்டிங் அப்படி இல்லை. இடுப்பு உறையில் துப்பாக்கி இருக்கும். டைமர் ஒலித்ததும் உருவி, ஓடிக்கொண்டும் குனிந்துகொண்டும் தடுப்புகளின் ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டும் அட்டை இலக்குகளையும் இரும்புத் தகடுகளையும் சுட வேண்டும். இதை உலக அளவில் நடத்தும் ஐபிஎஸ்சி 1976இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊரில் உருவானது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், வலிமை, வேகம் என்ற மூன்று லத்தீன் சொற்கள் அதன் முழக்கம். அமெரிக்காவில் இந்த விளையாட்டை நடத்துவது யுஎஸ்பிஎஸ்ஏ. இரண்டின் விதிகளும் ஒரே வேரிலிருந்து வந்தவை; எண்களில் ஆங்காங்கே வேறுபடும்.

முழக்கத்தின் நடுவில் இருக்கும் 'வலிமை'தான் காலிபர் பிரச்சினையின் ஊற்று. வேகத்துக்கும் துல்லியத்துக்கும் மட்டும் மதிப்பெண் கொடுத்தால் எல்லோரும் உதைப்பே இல்லாத .22 துப்பாக்கியோடு வந்து நிற்பார்கள். அதைத் தடுக்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அதன் பெயர் பவர் ஃபேக்டர். குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது அது. இயற்பியல் படித்தவர்களுக்கு இது உந்தம் என்று உடனே தெரியும். 124 கிரெயின், அதாவது ஏறக்குறைய 8 கிராம் எடையுள்ள 9 எம்எம் குண்டு நொடிக்கு 1050 அடி வேகத்தில் போனால் பவர் ஃபேக்டர் 130. 180 கிரெயின் .40 குண்டு 950 அடி வேகத்தில் போனால் 171. பழைய .45 ராணுவத் தோட்டாவின் 230 கிரெயின் குண்டு 830 அடி வேகத்தில் 190ஐத் தாண்டும்.

125ஐத் தொட்டால் 'மைனர்'. யுஎஸ்பிஎஸ்ஏவில் 165ஐத் தொட்டால் 'மேஜர்'. ஐபிஎஸ்சியில் மேஜருக்கு, சாதாரண இரும்புக் குறிகளோடு சுடும் ஸ்டாண்டர்ட் பிரிவில் 170, ரெட் டாட் போன்ற கருவிகளை அனுமதிக்கும் ஓப்பன் பிரிவில் 160. அட்டை இலக்கின் நடுப்பகுதியான ஏ பகுதியில் பட்டால் இரு தரப்புக்கும் 5 புள்ளிகள். அதைச் சுற்றியுள்ள சி பகுதியில் பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. ஓரத்து டி பகுதியில் மேஜருக்கு 2, மைனருக்கு 1. நடுவில் அடிக்கிறவருக்கு வலிமையால் எந்த லாபமும் இல்லை. நடுவிலிருந்து நகரும்போதுதான் மேஜர் தாங்கிப் பிடிக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், பின்னால் வரும் எல்லாமே இதிலிருந்து கிளைப்பதுதான்.

போட்டி பல கட்டங்களாக (ஸ்டேஜ்) நடக்கும். ஒரு கட்டத்தில் எடுத்த மொத்தப் புள்ளிகளை, எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுப்பார்கள். அதுதான் ஹிட் ஃபேக்டர். போட்டியின் தரவரிசை இதை வைத்தே. 12 அட்டைகள், அட்டைக்கு இரண்டு குண்டு, மொத்தம் 24 குண்டுகள் என்று ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். இருவர் 15 நொடியில் முடிக்கிறார்கள். இருவருக்கும் 20 ஏ, 4 சி. மேஜர்காரருக்கு 116 புள்ளி, மைனர்காரருக்கு 112. மைனர்காரர் சமன் செய்ய ஏறக்குறைய அரை நொடி முன்னால் முடித்திருக்க வேண்டும். இப்போது இருவரும் கொஞ்சம் மோசமாகச் சுட்டார்கள், 14 ஏ, 10 சி என்று வைத்துக்கொள்வோம். மேஜருக்கு 110, மைனருக்கு 100. இப்போது மைனர்காரர் சமன் செய்ய 1.3 நொடிக்கு மேல் மிச்சம் பிடிக்க வேண்டும். போட்டியில் அது பெரிய இடைவெளி. சுடுகிறவரின் துல்லியம் குறையக் குறைய மேஜரின் மதிப்பு ஏறுகிறது.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். ஹிட் ஃபேக்டர் 10 வரும் வேகமான, நெருக்கமான கட்டத்தில் ஒரு நொடியின் விலை 10 புள்ளி. அங்கே மைனர்காரருக்கு ஒரு சி விழுந்தால் இழப்பது 2 புள்ளி, அதாவது 0.2 நொடி. மேஜர்காரர் இழப்பது 0.1 நொடி. ஹிட் ஃபேக்டர் 4 மட்டுமே வரும் கடினமான, தொலைதூர இலக்குகள் நிறைந்த கட்டத்தில் அதே சி மைனர்காரருக்கு அரை நொடி, மேஜர்காரருக்கு கால் நொடி. உங்கள் ஊர் கிளப்பில் நடக்கும் கட்டங்கள் எந்த வகை என்று நாலைந்து போட்டிகளின் முடிவுகளைப் புரட்டினாலே தெரிந்துவிடும். காலிபர் பற்றிய நூறு வாக்குவாதங்களைவிட அந்த முடிவுப் பட்டியல் பயனுள்ளது என்பது என் உறுதியான எண்ணம்.

மேஜருக்குக் கொடுக்கும் விலையும் சின்னதல்ல. பவர் ஃபேக்டர் 130இலிருந்து 170க்குப் போனால் கையில் வந்து மோதும் உந்தம் 30 சதவீதம் கூடுகிறது. குழல் கூடுதலாக எழும்பும், திரும்பிவர நேரம் எடுக்கும். .40 தோட்டா பருமனானது என்பதால் அதே நீள மேகசினில் 9 எம்எம்மைவிட இரண்டு மூன்று தோட்டாக்கள் குறைவாகவே நுழையும். விலை வேறு. உலகின் ராணுவங்களும் காவல்துறைகளும் 9 எம்எம்மைப் பயன்படுத்துவதால் அது மலைமலையாக உற்பத்தியாகிறது. அடிப்பாகத்தின் நடுவில் தட்டி வெடிக்கும் சென்டர்ஃபயர் பிஸ்டல் தோட்டாக்களில் மலிவானதும் அதுவே. ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழக வேண்டிய விளையாட்டில், அதே பணத்துக்குக் கூடுதலாகப் பயிற்சி செய்ய முடிகிறது என்பது நேரடி லாபம்.

அப்படியானால் .40 ஏன் இருக்கிறது? அதன் கதை போட்டித் திடலில் தொடங்கவில்லை. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ முகவர்கள் இருவர் இறந்தார்கள். தங்கள் தோட்டாக்களுக்கு வலு போதவில்லை என்று அந்த அமைப்பு 10 எம்எம் தோட்டாவைத் தேடிப் போனது. அதன் உதைப்பு பலருக்குக் கட்டுப்படவில்லை. வேகத்தைக் குறைத்ததும் நீண்ட பித்தளைக் கூட்டில் வெற்றிடம் மிஞ்சியது. கூட்டை வெட்டிக் குட்டையாக்கி 1990இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் கொண்டுவந்ததுதான் .40 எஸ்&டபிள்யூ. போட்டியாளர்களுக்கு அது எதிர்பாராத பரிசு: .45ஐவிட ஒல்லி, ஆனால் மேஜர் எல்லையைச் சிரமமில்லாமல் தொடும். யுஎஸ்பிஎஸ்ஏவின் லிமிடெட், ஐபிஎஸ்சியின் ஸ்டாண்டர்ட் பிரிவுகளில் மேஜர் கேட்கிறவரின் தோட்டா .40க்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆகவே இரட்டை அடுக்கு மேகசின் கொண்ட, '2011' என்று பெயர் பெற்ற வகைத் துப்பாக்கியும் .40உம் பல ஆண்டுகள் பிரியாமல் இருந்தன. பின்னர் காவல்துறைகள் 9 எம்எம்முக்கே திரும்பின, எஃப்பிஐயும் திரும்பியது. போட்டித் திடலில் .40ஐ அசைத்தது வேறொன்று.

குறி பார்க்கும் கருவிக்கு மின்சாரம் கொடுத்தவர்களில் முன்னோடி சுவீடனின் ஏய்ம்பாயிண்ட், 1970களின் நடுவில். அது நீளமான குழாய் வடிவில் இருந்தது. 1980களில் ராப் லேத்தம், பிரையன் ஏனோஸ் போன்ற முன்னணி வீரர்கள் .45ஐ விட்டு .38 சூப்பர் தோட்டாவுக்கு மாறி, குழல் முனையில் துள்ளலை அடக்கும் காம்பன்சேட்டர் பொருத்தி விளையாட்டின் முகத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1990இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியை டக் கோனிக் ரெட் டாட் பொருத்திய துப்பாக்கியால் வென்றார். இரும்புக் குறிகளோடு அதை எதிர்கொள்ள முடியாது என்பது எல்லோருக்கும் விளங்கிற்று. புதுக் கருவிகளுக்கு ஓப்பன் என்று ஒரு பிரிவும், பழைய குறிகளோடு சுடுகிறவர்களுக்கு வேறு பிரிவும் என விளையாட்டு கிளைத்தது. வெகு காலம் ரெட் டாட் ஓப்பன் பிரிவின் விலையுயர்ந்த துப்பாக்கிகளில் மட்டுமே இருந்தது.

அதைப் பொதுச் சொத்தாக்கியது அளவு சுருங்கியது. டிரிஜிகான் ஆர்எம்ஆர் போன்ற கட்டைவிரல் அளவுக் கருவிகள், ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னும் பின்னும் பாயும் ஸ்லைடின் மேலேயே உட்கார்ந்து அந்த அதிர்ச்சியைத் தாங்கின. 2010களின் நடுவில் யுஎஸ்பிஎஸ்ஏ, ரெட் டாட் பொருத்திய துப்பாக்கிகளுக்கென கேரி ஆப்டிக்ஸ் பிரிவைத் தொடங்கியது. ஐபிஎஸ்சியில் புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் வந்தது. 2023இல் லிமிடெட் ஆப்டிக்ஸும் சேர்ந்தது. மூன்றிலும் கணக்கு மைனர் மட்டும். .40 கொண்டு சுட்டாலும் 9 எம்எம்முக்குரிய புள்ளிதான். விதியே மேஜரை நீக்கிவிட்டது என்று சொல்லி இதோடு நிறுத்திவிடலாம். கூட்டம் ஏன் அந்தப் பிரிவுகளுக்கு மகிழ்ச்சியோடு போனது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மேஜர் என்பது சி பகுதிக்கான காப்பீடு. ரெட் டாட் வந்ததும் நடுத்தர வீரரும் அதே வேகத்தில் கூடுதல் ஏ எடுக்க முடிந்தது. விபத்துக் குறைந்தவர் பெரிய பிரீமியம் கட்ட யோசிப்பார் அல்லவா? 20 ஏ எடுக்கிறவருக்கு மேஜர் தரும் லாபம் அரை நொடி. உதைப்பு குறைந்த 9 எம்எம்மில் 24 குண்டு சுடும்போது அந்த அரை நொடியை வேறு வழியில் மீட்டுவிடலாம்.

ரெட் டாட் உள்ளே நடப்பது எளிமையானது. பின்பக்கம் ஒரு சிறு எல்இடி. முன்னால் இருப்பது வெறும் கண்ணாடி இல்லை, வளைந்த வில்லை. சிவப்பு ஒளியை மட்டும் திருப்பியனுப்பி மற்ற ஒளியை உள்ளே விடும் பூச்சு அதில் இருக்கிறது. எல்இடி அந்த வளைவின் குவியத்தில் இருப்பதால் திரும்பிவரும் கதிர்கள் இணையாக வருகின்றன. இணைக் கதிர்களைக் கண் வெகு தொலைவிலிருந்து வந்தவையாக எடுத்துக்கொள்ளும். எனவே புள்ளி துப்பாக்கியின் மேல் தெரிவதில்லை, இலக்கின் மேல் மிதப்பதுபோல் தெரிகிறது. இலக்கை நோக்கி எந்த ஒளியும் பாய்வதில்லை; இதை லேசர் என்று எண்ணிக்கொள்பவர்கள் நிறைய.

இரும்புக் குறியில் பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்றை ஒரே கோட்டில் வைக்க வேண்டும். கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் குவிய முடியும். முன்குறியைக் கூர்மையாகப் பார், இலக்கு மங்கினால் பரவாயில்லை என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தார்கள். நாற்பது வயதைத் தாண்டியவருக்குக் கை நீளத்தில் இருக்கும் முன்குறியே மங்கத் தொடங்கும். ரெட் டாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு கண்களையும் திறந்து, பார்வையை இலக்கின் சிறு புள்ளியில் நிறுத்தினால் போதும். டாட் தானாக அங்கே வந்து சேரும். வெள்ளெழுத்து வந்தவர்கள் இந்தக் கருவியைக் கொண்டாடுவதில் முழு நியாயம் உண்டு.

இங்கே ஒரு தடை வரும். புதிதாக மாறுகிறவர் துப்பாக்கியை உயர்த்துவார், கண்ணாடிக்குள் புள்ளியே இருக்காது. தேடுவார், ஒரு நொடி போய்விடும். காரணத்தைக் கணக்கிட்டே சொல்லலாம். டிரிஜிகான் எஸ்ஆர்ஓ என்ற ரெட் டாட்டின் சாளரம் 25 மில்லிமீட்டர் அகலம். கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி அதைப் பிடித்திருந்தால், குழல் பார்வைக் கோட்டிலிருந்து 1.2 டிகிரி விலகும்வரைதான் புள்ளி தெரியும். 10 மீட்டரில் அது 20 சென்டிமீட்டர் விலகல். அதற்கு மேல் போனால் மேலா, கீழா, எந்தப் பக்கம் தவறு என்று சொல்ல எதுவுமில்லை. இரும்புக் குறியில் முன்குறி ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கை தன்னையறியாமல் திருத்திக்கொள்ளும். ஆகவே பிடி ஒவ்வொரு முறையும் ஒரேபோல அமைகிறதா என்பதை ரெட் டாட் ஈவிரக்கமில்லாமல் சோதிக்கிறது. வீட்டில் காலித் துப்பாக்கியோடு, தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, உருவிப் பழகுவதைத் தவிர இதற்கு மருந்து இல்லை. வில்லையின் முன்பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டிவிட்டு இரண்டு கண்களாலும் இலக்கைப் பார்த்துச் சுடும் பயிற்சியும் உண்டு. ஒரு கண் புள்ளியையும் மறு கண் இலக்கையும் காண, மூளை இரண்டையும் ஒட்டிக் காட்டும். பார்வை புள்ளிக்குத் தாவினால் உடனே இலக்கு மறைந்துபோகும். ஏமாற்ற முடியாத சோதனை.

சாளரத்தின் அளவு முக்கியம் என்பதும் இதே கணக்கிலிருந்து வருவது. ஆர்எம்ஆரின் சாளரம் உயரவாக்கில் சுமார் 16 மில்லிமீட்டர். தினமும் சட்டைக்குள் அணிந்து திரிகிறவருக்கு அந்தச் சிறிய, முரட்டுத்தனமான உடல் நல்லது. போட்டிக்கு மட்டும் என்றால் பெரிய சாளரமே வேண்டும். சுடும்போது ஸ்லைடோடு சேர்ந்து புள்ளி மேலே துள்ளி இறங்கும். பெரிய சாளரத்தில் அந்தத் துள்ளலின் முழுப் பாதையும் கண்ணில் படும். அடுத்த குண்டை எப்போது அனுப்பலாம் என்று கண்ணே சொல்லும். 2019இல் வந்த எஸ்ஆர்ஓவும் பின்னர் வந்த ஹோலோசன் 507 காம்ப்பும் போட்டித் திடலில் இவ்வளவு தென்படுவதற்குக் காரணம் இதுதான்.

புள்ளியின் அளவை எம்ஓஏ என்ற கோண அலகில் சொல்வார்கள். ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு அது. 25 மீட்டரில் 1 எம்ஓஏ ஏறக்குறைய 7.3 மில்லிமீட்டர். 2.5 எம்ஓஏ புள்ளி அந்தத் தூரத்தில் 18 மில்லிமீட்டரை மறைக்கும், 5 எம்ஓஏ புள்ளி 36 மில்லிமீட்டரை. அட்டை இலக்கின் ஏ பகுதி சுமார் 15 சென்டிமீட்டர் அகலம். 25 மீட்டரில்கூடப் பெரிய புள்ளி அதில் கால் பங்கைத்தான் மூடுகிறது. பெரும்பாலான இலக்குகளோ 15 மீட்டருக்கு உள்ளேயே இருக்கும். "சின்னப் புள்ளி என்றால் துல்லியம்" என்று கடைகளில் சொல்லும் வாதம் 25 மீட்டரில் ஆற அமரச் சுடும் புல்ஸ்ஐ போட்டிக்குப் பொருந்தும். ஓடிக்கொண்டே சுடுகிறவருக்கு 5 அல்லது 6 எம்ஓஏ தான் என் தேர்வு. பெரிய புள்ளி கண்ணில் முந்திப் படும்; கையின் நடுக்கம் குறைவாக இருப்பதுபோலவும் தோன்றும். நடுக்கம் உண்மையில் குறைவதில்லை. இரும்புக் குறியில் இருந்த அதே நடுக்கத்தைத்தான் டாட் காட்டிக்கொடுக்கிறது. புள்ளி நிற்கும்வரை காத்திருக்கத் தொடங்கினால் நேரமும் போகும், கடைசியில் விசையை வெடுக்கென்று இழுக்க வேண்டியும் வரும். ஏ பகுதிக்குள் புள்ளி ஆடிக்கொண்டிருந்தால் சுடலாம்.

ஆஸ்டிக்மேட்டிசம் என்ற பார்வைக் குறை உள்ளவர்களுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாது. வால்நட்சத்திரம் போலவோ இரண்டாகப் பிளந்தோ தெரியும். கருவி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கைப்பேசிக் கேமராவால் சாளரத்தின் வழியே படமெடுத்துப் பாருங்கள். அதில் புள்ளி வட்டமாக இருந்தால் சிக்கல் கண்ணில். சரியான கண்ணாடி அணிந்தால் பெரும்பாலும் சரியாகும். இல்லையென்றால் பச்சை நிற டாட் சிலருக்கு உதவுகிறது. ஒளி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி போட்டிக்கு ஒத்துவருவதில்லை. கருவியிலுள்ள உணரி நீங்கள் நிற்கும் இடத்தின் வெளிச்சத்தைத்தான் அளக்கும். நீங்கள் கொட்டகை நிழலிலும் இலக்கு உச்சி வெயிலிலும் இருந்தால் புள்ளி மங்கிப்போய் வெள்ளை மணலில் கரைந்துவிடும். கையால் ஒளியைக் கூட்டிக் குறைக்க முடிகிற மாதிரியை எடுத்து, இலக்கின் வெளிச்சத்துக்கு ஏற்ப ஒரு படி கூடுதலாகவே வைத்துக்கொள்வது நல்லது. மழை அதிகமுள்ள ஊர் என்றால் எல்இடியும் வில்லையும் பெட்டிக்குள் அடைபட்ட மூடிய வகையை யோசிக்கலாம், ஏய்ம்பாயிண்ட் ஆக்ரோ அப்படிப்பட்டது. திறந்த வகையில் எல்இடியின் மேல் ஒரு துளி நீர் விழுந்தால் புள்ளி சிதறிப்போகும். மூடிய வகையில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சாளரத்தைச் சுற்றிச் சட்டம் தடிமனாக இருக்கும்.

மீண்டும் தோட்டாவுக்கு வருவோம். 9 எம்எம் என்று முடிவான பிறகும் குண்டின் எடை மிச்சமிருக்கிறது. 115, 124, 147 கிரெயின் ஆகியவை பரவலானவை. 115 கிரெயின் குண்டை 1150 அடி வேகத்தில் விட்டால் பவர் ஃபேக்டர் 132. 147 கிரெயின் குண்டை 890 அடி வேகத்தில் விட்டால் 131. காகிதத்தில் இரண்டும் ஒன்று. கையில் ஒன்றாக இருப்பதில்லை. வேகமாகப் போக வேண்டிய இலேசான குண்டுக்குக் கூடுதல் வெடிமருந்து தேவை. எரிந்து வாயுவாகி வெளியேறும் அந்த மருந்துக்கும் எடை உண்டு, வேகமும் உண்டு. பவர் ஃபேக்டர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, உங்கள் கை எடுக்கிறது. அதனால் சாதாரணக் குழலில் 147 கிரெயின் மென்மையாகத் தள்ளுவதாகவும் 115 வெடுக்கென்று அறைவதாகவும் சுடுகிறவர்கள் சொல்கிறார்கள். புள்ளியின் துள்ளலும் அதற்கேற்ப மாறும். மெதுவான குண்டில் ஸ்லைடு சோம்பலாக நகர்வது பிடிக்காமல் 124க்குத் திரும்புகிறவர்களும் உண்டு. இது ரசனை சார்ந்தது; இரண்டிலும் ஒரு பெட்டி வாங்கி, புள்ளி சாளரத்தை விட்டுப் போகிறதா, திரும்பும்போது அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்த்து முடிவெடுக்கலாம்.

ஓப்பன் பிரிவில் இதே இயற்பியல் தலைகீழாக வேலை செய்யும். அங்கே காம்பன்சேட்டர் இருக்கிறது. வெளியேறும் வாயுவை மேல்நோக்கித் திருப்பி, குழல் முனையைக் கீழே அழுத்தும் கருவி அது. அதற்கு வாயு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. எனவே அங்கே 115 அல்லது 124 கிரெயின் குண்டை நொடிக்கு 1350 அடியைத் தாண்டிய வேகத்தில் விட்டு மேஜர் எடுக்கிறார்கள். .38 சூப்பர், அதன் விளிம்பில்லாத மாறுபாடுகள், மேஜர் அளவுக்கு நிரப்பிய 9 எம்எம்மான '9 மேஜர்' ஆகியவை அங்கே புழங்குவதற்குக் காரணம் இது. பொதுவான கடைத் தோட்டா அந்த அழுத்தத்தில் வராது, வீட்டில் நிரப்ப வேண்டும். சாதாரண 9 எம்எம் துப்பாக்கியில் அதைப் போட்டால் துப்பாக்கியும் கையும் போகும். தொடக்கக்காரர் இந்தப் பக்கம் வரவே கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன்.

எந்த எடையானாலும் 125ஐ ஒட்டி நிற்கக் கூடாது. பெரிய போட்டிகளில் உங்கள் தோட்டாக்களில் எட்டை எடுத்துக்கொள்வார்கள். ஒன்றைப் பிரித்து குண்டை எடை போடுவார்கள், மற்றவற்றிலிருந்து சிலவற்றை வேகமானியின் வழியே சுடுவார்கள். மேஜர் என்று சொல்லி வந்தவர் தவறினால் மைனருக்கு இறக்கப்படுவார். மைனரும் எட்டவில்லை என்றால் மதிப்பெண்ணே கிடையாது. ஊர் விட்டு ஊர் போய்ச் சுட்டதெல்லாம் வெறும் பயிற்சியாகிவிடும். குளிரில் சில மருந்துகளின் வேகம் குறையும். குழலுக்குக் குழல் வேகம் வேறுபடும். 130 என்பது நிம்மதியாகத் தூங்க வைக்கும் எண்.

ஸ்டீல் சேலஞ்ச் என்ற வேறொரு போட்டி வகையில் பவர் ஃபேக்டர் பார்ப்பதில்லை. அசையாத இரும்புத் தகடுகளை எவ்வளவு வேகமாக அடிக்கிறோம் என்பது மட்டுமே கணக்கு. .22 துப்பாக்கியில் ரெட் டாட் பொருத்திச் சுடுவதற்கே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. குறைந்த செலவில் டாட்டைப் பழக அதைவிட நல்ல வாசல் இல்லை.

இந்தியாவில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நிலைமை வேறு. இங்கே 9 எம்எம் கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட துளை வகையைச் சேர்ந்தது. சாதாரண உரிமத்தில் கிடைக்காது. உரிமத்தில் வழக்கமாகக் கிடைக்கும் .32 பிஸ்டலின் 71 கிரெயின் குண்டு 900 அடி வேகத்தில் தரும் பவர் ஃபேக்டர் 64 மட்டுமே, மைனர் எல்லையில் பாதிதான் அது. இங்கே கிளப்புகளில் வளர்ந்திருப்பது ஒலிம்பிக் வகை. அங்கே கைத்துப்பாக்கிகளில் ஒளியியல் குறிகளுக்கே அனுமதி இல்லை. பிராக்டிகல் ஷூட்டிங்கை நேரில் காண வேண்டுமென்றால் பக்கத்தில் தாய்லாந்து இருக்கிறது; 2022 ஐபிஎஸ்சி உலகக் கைத்துப்பாக்கிப் போட்டி பட்டாயாவில்தான் நடந்தது. வெளிநாட்டில் குடியேறியவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தை முதலில் படிக்க வேண்டும். கனடாவில் 2022 அக்டோபரிலிருந்து தனிநபர்கள் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்குவது ஏறக்குறைய நின்றுபோயிருக்கிறது.

வாங்கும் நிலையில் இருப்பவர் முதலில் பிரிவைத் தேர்ந்தெடுக்கட்டும். பெரும்பாலோருக்கு அது கேரி ஆப்டிக்ஸ் அல்லது புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸாக இருக்கும், காலிபர் அதோடு 9 எம்எம் என்று தீர்ந்துவிடும். துப்பாக்கி வாங்கும்போதே ஸ்லைடில் டாட் பொருத்தும் இடம் எந்த அமைப்பில் வெட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஆர்எம்ஆர் துளை அமைப்பு, டாக்டர் (Docter) என்ற பெயர் கொண்ட துளை அமைப்பு, ஆக்ரோ பிடிப்பு என்று பல உண்டு. ஒன்றுக்குரியது மற்றொன்றில் உட்காராது. இடையில் தகடு வைத்துப் பொருத்தலாம், ஆனால் ஒவ்வொரு தகடும் தளரக்கூடிய இரண்டு திருகுகளைக் கூடுதலாகக் கொண்டுவருகிறது. புள்ளி திடீரென்று இடம் மாறிவிட்டது என்ற புகார்களில் பெரும்பகுதி திருகில் முடிகிறது. எண்ணெய்ப்பசையைத் துடைத்து, திருகுப் பசை தடவி, தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவில் முறுக்கிவிட்டு, திருகின் தலையிலிருந்து உடல்வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது.

ஜீரோ செய்ய, அதாவது புள்ளி காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்ய, 25 மீட்டர் நல்ல தூரம். ஸ்லைடின் மேல் இருக்கும் டாட் குழலின் அச்சுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. அதனால் 3 மீட்டரில் குண்டு புள்ளிக்குக் கீழே அவ்வளவு தள்ளிப் படும். சுடக் கூடாத வெள்ளை அட்டை இலக்கை அரைகுறையாக மறைத்து நிற்கும்போது இந்த இரண்டு சென்டிமீட்டர் பத்துப் புள்ளி அபராதமாகலாம். அருகிலுள்ள இலக்கில் எவ்வளவு இறங்குகிறது என்று முன்பே சுட்டுப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரி மாற்றும் வழியையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஆர்எம்ஆரில் பேட்டரி அடியில் இருக்கிறது; மாற்ற வேண்டுமென்றால் கருவியையே கழற்ற வேண்டும், திரும்பப் பொருத்தியபின் ஜீரோவைச் சரிபார்க்க வேண்டும். எஸ்ஆர்ஓவில் மூடி மேலே இருக்கிறது, போட்டி நடக்கும் இடத்திலேயே ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம்.